காணாமல் போனவர்களும் காப்பகத்தில் இருப்பவர்களும்: மறதிநோய் பற்றிய சில திரைப்படங்களை முன்வைத்து

மலர்க்குழுவினர் இந்த ஆண்டு மலருக்குத் திரைப்படம் சார்ந்த கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, பழைய பாடல்களைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். ஆனால் மனசு வேறொரு படத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. 2019 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்தின் சிறிய அரங்கில் 'கோதி பண்ண சாதாரண மைகட்டு' என்ற கன்னடப் படத்தைத் திரையிட்டோம். வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். படம் முடிந்து வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மிகவும் மதிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர், "பெத்த அப்பனைக் கொண்டுபோயி ஹோம்ல விட்டாம்லா, அதுக்குத்தான் இந்த அலைச்சல்" என்றார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அப்போது என் அம்மாவைப் புனே பக்கத்தில் ஒரு மறதிநோய்க் காப்பகத்தில் சேர்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அங்கே நின்றவர்களில் இரண்டு பேருக்குத்தான் அது தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்துகூட அல்ல. அந்தப் படமும், அதைப் போன்ற வேறு சில நல்ல படங்களும் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கருத்து அது. ஆகவே என் வழக்கு படங்களோடுதான்.

முதலில் கதையை நினைவுபடுத்திவிடுகிறேன். 2016-இல் வெளிவந்த இந்தப் படம் ஹேமந்த் ராவ் இயக்கிய முதல் படம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கோதுமை நிறம், சாதாரண உடல்வாகு' என்று வரும். காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்புகளில் நாம் வாசிக்கும் வாசகம். வெங்கோப ராவ் என்ற அல்சைமர் நோயாளி பெங்களூரில் ஒரு காப்பகத்தில் இருக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வருகிறான்; அப்பாவை வெளியே அழைத்துப் போகிறான்; அவன் கவனம் தப்பிய நேரத்தில் அவர் தொலைந்துபோகிறார். பிறகு முழுக்கத் தேடல். ஒரு பக்கம் அப்பா சில குற்றவாளிகளோடு மாட்டிக்கொள்கிறார். இன்னொரு பக்கம் மகன், காப்பகத்து இளம் மருத்துவரோடு ஊரெல்லாம் அலைந்து, தனக்குத் தெரியாமலே போன அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறான். தமிழில் இதை 2018-இல் ராதாமோகன் '60 வயது மாநிறம்' என்று எடுத்தார். அனந்த் நாக் செய்த வேடத்தை பிரகாஷ்ராஜும், ரக்ஷித் ஷெட்டி செய்ததை விக்ரம் பிரபுவும் செய்தார்கள்.

இரண்டையும் நான் இரண்டிரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கன்னடப் படமே மேல் என்பது என் கட்சி. அதற்கு முழுக் காரணம் அனந்த் நாக். மறதி என்றால் பேந்தப் பேந்த விழிப்பது என்று நம் நடிகர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அனந்த் நாக் அப்படிச் செய்வதில்லை. தனக்கு எல்லாம் தெரியும் என்ற மரியாதையோடு ஒரு பேச்சைத் தொடங்குகிறார். பாதியில் அது கையை விட்டு நழுவுகிறது. நழுவியது பிறருக்குத் தெரியக்கூடாதே என்று ஒரு சிரிப்பு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன். பிரகாஷ்ராஜ் பெரிய நடிகர், சந்தேகமில்லை. ஆனால் அவர் குரலில் எப்போதும் ஒரு நிச்சயம் இருக்கும். மறதிநோய்க்காரரின் குரலை விட்டு முதலில் போவது அந்த நிச்சயம்தான்.

இந்தப் படங்களைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. காப்பகம் இவற்றில் பேய் வீடு அல்ல. சுத்தமாக இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் அன்பானவர்கள், மகனைவிட அந்த மருத்துவருக்குத்தான் அப்பாவின் கதைகள் அதிகம் தெரிந்திருக்கின்றன. நம் சினிமாவில் இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் காப்பகம் படத்தில் எதற்காக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்பா அங்கிருந்து வெளியே வந்து தொலைவதற்காக இருக்கிறது. மகன் செய்த தப்புக்கு அடையாளமாக இருக்கிறது. அப்பா தொலைந்தவுடன் கதை தெருவுக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு காப்பகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. அப்பா கிடைக்கிறார், மகன் மனம் மாறுகிறான், நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகிறோம். நோய் அப்பாவுக்கு, குணமாவதோ மகன். இப்படி ஒரு வைத்தியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற பெரியவர், அது ஹோமில் விட்டதற்கான தண்டனை என்று சொன்னால் அதில் ஆச்சரியம் என்ன?

இது ஒரு படத்தின் கதை மட்டுமல்ல. மராத்தியில் சுமித்ரா பாவேயும் சுனில் சுக்தன்கரும் இயக்கிய 'அஸ்து' படத்தைப் பாருங்கள். மோகன் ஆகாஷே (தொழிலால் அவரே மனநல மருத்துவர்) அதில் ஓய்வுபெற்ற சமஸ்கிருத அறிஞர். மகளோடு காரில் வெளியே போனவர், தெருவில் போகும் யானையைப் பார்த்துக் குழந்தை மாதிரி அதன் பின்னாலேயே போய்த் தொலைந்துபோகிறார். 2015-இல் வந்த 'ஓ காதல் கண்மணி' நம்மவர்கள் எல்லோரும் பார்த்த படம். அதில் பவானி ஆன்ட்டிக்கு அல்சைமர். அவரும் ஒரு மழை நாளில் வீட்டை விட்டுப் போய்விட, இளம் ஜோடி தேடி அலைகிறது. மூன்று மொழி, மூன்று விதமான குடும்பங்கள். நிகழ்ச்சி மட்டும் ஒன்றேதான்: தொலைகிறார், தேடுகிறார்கள், கிடைக்கிறார். (ஒரு வேடிக்கை: மணிரத்னம் படத்தில் நோயாளியின் கணவராக வந்த அதே பிரகாஷ்ராஜ்தான் மூன்று வருஷம் கழித்து ராதாமோகன் படத்தில் நோயாளியாக வருகிறார்.)

ஏன் இந்த ஒரே நிகழ்ச்சி? எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. தொலைந்தவரைக் கண்டுபிடிக்கலாம். மறந்தவரைக் கண்டுபிடிக்க முடியாது. மறதியைப் படமாக்குவது கஷ்டம் என்பதால், அதைத் தொலைதலாக மாற்றிக்கொள்கிறார்கள். 2005-இல் ஜானு பருவா எடுத்த 'மைனே காந்தி கோ நஹி மாரா' என்ற இந்திப் படம் தொலைதலை நம்பியிராமல் வேறு வழியில் போனது. அனுபம் கேர் அதில் ஓய்வுபெற்ற இந்திப் பேராசிரியர். ஆனால் அதுவும் நோய்க்குப் பின்னால் ஒரு சின்ன வயசுச் சம்பவத்தைத் தேடி எடுத்து, ஒரு போலி நீதிமன்றம் வைத்து, முடிச்சை அவிழ்த்தது. மறதிநோய்க்கு அப்படி அவிழ்க்கிற முடிச்சு எதுவும் கிடையாது. அதே ஆண்டு மலையாளத்தில் பிளெஸ்ஸி எடுத்த 'தன்மாத்ரா' இந்த விஷயத்தில் நேர்மையானது. மோகன்லாலின் அரசு ஊழியர் படிப்படியாகச் சரிவதை அது மறைக்கவில்லை. ஆனால் அங்கே பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான், திரும்பிப் போகக் குடும்ப வீடு இருக்கிறது. நம்மைப் போல் வெளிமாநிலத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு அந்த வீடு எங்கே இருக்கிறது?

தொலைவது பொய் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் அம்மாவும் தொலைந்தாள்.

2017 ஜூலை. அம்மாவுக்கு அப்போது எழுபத்தேழு வயசு. ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி மும்பைக்கு வந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கணக்கு வேலை. செம்பூரில் ஐம்பது வருஷம் குடியிருந்து, காய்கறிக் கடையில் இந்தியும் பக்கத்து வீட்டில் மராத்தியும் கற்றுக்கொண்டு, பேரம் பேசினால் கடைக்காரனே சிரித்துவிடும் அளவுக்குப் பேசியவள். ஒரு மழைக் காலையில் நான் வங்கிக்குக் கிளம்பிய பிறகு, வேலைக்கு வந்த பெண் குப்பையைக் கொட்டப் போன ஐந்து நிமிஷத்தில் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய்விட்டாள். காவல் நிலையத்தில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். உயரம், நிறம், உடுத்தியிருந்த சேலை. நிறம் என்ற இடத்தில் 'மாநிறம்' என்றுதான் நானும் சொன்னேன். தெரிந்த மொழிகள் என்று ஒரு கேள்வி இருந்தது. தமிழ், இந்தி, மராத்தி என்று எழுதினேன்.

அது பொய் என்று எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது. மான்குர்டு பக்கம் ஒரு ரயில்வே பாலத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இந்தியில் கேட்டவர்களுக்கும் மராத்தியில் கேட்டவர்களுக்கும் பதிலே சொல்லவில்லையாம். பிச்சைக்காரி என்று சிலர் காசு போட்டிருக்கிறார்கள். சைக்கிளில் இட்லி விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நம்மூர்க்காரத் தம்பி ஒருவன், "என்ன ஆச்சி, இங்க உக்காந்திருக்கிய?" என்று கேட்டிருக்கிறான். உடனே மடை திறந்த மாதிரி பேசியிருக்கிறாள். ஊர் பெயர், அவளுடைய அப்பா பெயர், கிணற்றடி வேப்பமரம், எல்லாம். செம்பூர் மட்டும் அதில் இல்லை. சேலை முந்தியில் நாங்கள் தைத்து வைத்திருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்து அவன் கூப்பிட்டான்.

திரைப்படமாக இருந்தால் அங்கே முடிந்திருக்கும். எங்களுக்கு அங்கேதான் ஆரம்பம்.

கதவுக்கு உள்பூட்டு போட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே "வீட்டுக்குப் போணும், விளக்கு வைக்கணும்" என்பாள். கீழ் வீட்டுக்காரர் முதலில் பொறுத்துக்கொண்டார், பிறகு சொசைட்டியில் எழுதிக் கொடுத்தார். நான்கு மாதத்தில் மூன்று ஆயாக்கள் மாறினார்கள். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. திருநெல்வேலியில் இருக்கும் அண்ணன், "இங்க கொண்டாந்து விடு" என்று தொலைபேசியில் சொன்னார். கொண்டுபோய் விட்டோம். பதினெட்டாம் நாள் மதினி கூப்பிட்டு அழுதாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் முழங்கால் வலி, வயசு அறுபத்திரண்டு.

பிறகு இல்லம் தேட ஆரம்பித்தோம். போய்ப் பார்த்த ஏழு இடங்களில் நான்கில், மறதிநோய் என்ற சொல்லைக் கேட்டதும் வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள். முதியோர் இல்லம் வேறு, மறதிநோய்க் காப்பகம் வேறு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நம் நாட்டில் பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-இல் சட்டம் வந்தது. பார்க்காமல் கைவிடும் பிள்ளைகளுக்குத் தண்டனை உண்டு, ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டந்தோறும் மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்றும் அது சொல்கிறது. பிள்ளை இருக்கிறாள், கைவிடவும் இல்லை, ஆனால் முடியவில்லை என்ற குடும்பத்துக்கு அந்தச் சட்டத்தில் இடம் எது என்று நான் தேடிப் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு பேருக்கும் ஒரு மகளோ மருமகளோ வேலையை விட வேண்டும் என்பதுதான் நாம் எழுதாமல் வைத்திருக்கும் ஏற்பாடு.

2017 நவம்பரில் அம்மாவைச் சேர்த்தோம். மாதம் முப்பத்தைந்தாயிரம், மருந்தும் டயப்பரும் தனி. அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் பாதிக்கு வந்தது. மீதி நானும் அண்ணனும். இந்தக் கணக்கை வெட்கப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் எந்தப் படத்திலும் யாரும் இந்தக் கணக்கைப் போட்டு நான் பார்த்ததில்லை.

மும்பையில் எல்லோருக்கும் தமிழ் தெரியுமா?

இனி நம்மைப் போன்றவர்களுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். 'ஓ காதல் கண்மணி' மும்பையில் நடக்கிறது. ஆனால் மணிரத்னத்தின் மும்பையில் பவானி ஆன்ட்டியைச் சுற்றி இருப்பவர்கள் தமிழ் பேசுகிறார்கள். கணவர் தமிழ், குடிவந்த பையன் தமிழ், அவன் காதலி தமிழ். அதில் தப்பில்லை, தமிழ்ப் படம்தானே. ஆனாலும் பவானி ஆன்ட்டிக்கு வாய்த்த அந்தப் பெரிய பாக்கியத்தைப் படம் பாக்கியமாகக் கவனிக்கவே இல்லை. மறக்கிறவளுக்குக் கடைசியில் மிஞ்சுவது முதலில் கற்ற மொழி. பின்னால் கற்றது முன்னால் போகும். அம்மாவுக்கு ஐம்பது வருஷத்து இந்தியும் மராத்தியும் ஒரே வருஷத்தில் போயின.

ஹைதராபாத்தில் நிம்ஸ் மருத்துவமனையில் 648 மறதிநோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் ஏறக்குறைய நாலரை வருஷம் தாமதமாகத் தலைகாட்டியது என்பது அதில் கண்டது. வெளிமாநிலத் தமிழர்களுக்கு நல்ல செய்திதான், நம் கூட்டங்களில்கூட இதை யாரோ பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் அந்த நாலரை வருஷம் தீர்ந்த பிறகு, நம் மொழி தெரியாத ஊரில் நம்முடைய ஆட்களை யார் கேட்பார்கள் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காப்பகத்தில் சேர்த்து மூன்றாவது வாரம் போனபோது அம்மாவுக்குப் பகலிலும் டயப்பர் போட்டிருந்தார்கள். வீட்டில் ராத்திரிக்கு மட்டும்தான் போடுவோம். கேட்டதற்கு, "கட்டுப்பாடு போய்விட்டது, நோய் முற்றுகிறது" என்று மேலாளர் சொன்னார். நானும் நம்பினேன். அன்று மதியம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மா அந்த வழியாகப் போன பணிப்பெண்ணைப் பார்த்து, "ஏட்டி, ஒண்ணுக்கு வருது" என்றாள். அந்தப் பெண் சிரித்து, கன்னத்தைத் தட்டி, ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்து நிமிஷம் கழித்து அம்மா மறுபடியும் சொன்னாள். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அப்புறம் சொல்லவில்லை.

அந்தப் பெண் சாத்தாரா பக்கம். நல்ல பெண். மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்பது பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதது நோயோ அன்போ அல்ல, ஒரு சொல். அந்த இல்லத்தில் மூளைப் படம் பார்க்கிற நிபுணர் வாரம் ஒருமுறை வருவார், இசைப் பயிற்சி உண்டு, தோட்டம் உண்டு, சேர்க்கும்போது பதினாறு பக்கப் படிவம் உண்டு. என்ன மொழியில் கேட்பார்கள் என்று அந்தப் பதினாறு பக்கத்தில் ஒரு கேள்வி இல்லை. நானும் சொல்லத் தோன்றாமல்தான் இருந்தேன். குற்றம் இரண்டு பக்கமும் உண்டு.

அடுத்த வாரம் ஒரு அட்டையில் பதினொரு சொற்களைத் தேவநாகரி எழுத்தில் எழுதி, எதிரே மராத்திப் பொருளோடு, கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். தண்ணி, சோறு, ஒண்ணுக்கு, வலிக்கி, குளிருது, வெந்நி, போதும் என்று அவளுடைய பேச்சு எப்படியோ அப்படியே. அந்தப் பெண்ணை எல்லோரும் 'தாயி' என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள், தமிழ்க் காதுக்கு வேறு மாதிரிக் கேட்கும். தாயி பத்து நாளில் பதினொன்றையும் கற்றுக்கொண்டாள். பகல் டயப்பர் கழன்றது. நோய் நிற்கவில்லை, அது தன் போக்கில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏழெட்டு மாதம் அம்மா மானத்தோடு எழுந்து நடந்தாள்.

இதை அனுபவித்த பிறகு மேலே சொன்ன படங்களில் ஒன்றுதான் எனக்கு முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அது 'அஸ்து'. யானையின் பின்னால் போன அந்த அறிஞரை யானைக்காரனின் மனைவி சன்னம்மா கவனித்துக்கொள்கிறாள். அம்ருதா சுபாஷ் நடித்த பாத்திரம், தேசிய விருது பெற்றது. அவரிடம் இருந்த படிப்புக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் தேவைப்படவில்லை. பசிக்கிறது, அழுக்காகிவிட்டது என்பதை மட்டும் பார்க்கிறாள். அவரோ அவளையே அம்மா என்று நினைக்கிறார். மகளுக்கு அப்பாவிடம் இருந்து அவருடைய பழைய ஞானம் வேண்டியிருக்கிறது. அது கிடைக்காத வருத்தம் அவளைத் தின்கிறது. சன்னம்மாவுக்கு அந்த வருத்தம் இல்லாததால் கை சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. கூலிக்குப் பார்ப்பவர்களால் ஏன் சில நேரம் பெற்ற பிள்ளையைவிட நன்றாகப் பார்க்க முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன இந்தியப் படத்தை நான் பார்த்ததில்லை. ஒரே குறை, யானையும் பாகனும் வந்ததால் அது அதிசயமாகிவிடுகிறது. தாயி போன்ற பெண்கள் தினமும் எட்டு மணி வேலைக்கு வந்து பஸ் பிடித்துப் போகிறார்கள்.

காப்பகத்தின் உள்ளே போன படம் வேண்டுமென்றால் நான் கனடாவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. சாரா பாலி 2006-இல் எடுத்த 'அவே ஃப்ரம் ஹெர்'. ஆலிஸ் மன்ரோவின் சிறுகதையை வைத்து எடுத்தது. ஜூலி கிறிஸ்டி அதில் ஃபியோனா. தன் நினைவு போகிறது என்று தெரிந்து தானே முன்வந்து காப்பகத்துக்குப் போகிறாள். சேர்ந்த முதல் 30 நாள் யாரும் வந்து பார்க்கக்கூடாது என்பது அந்த இடத்து விதி. கணவன் முப்பது நாள் கழித்துப் பூங்கொத்தோடு போகிறான். அவளோ அங்கே இருக்கும் வேறொரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய சீட்டாட்டத்துக்குத் துணையாக இருக்கிறாள். கணவனை யாரோ ஒரு பழக்கமானவர் மாதிரி மரியாதையாக நடத்துகிறாள். அவன் தினமும் போகிறான், தள்ளி உட்கார்ந்து பார்க்கிறான். யாரும் தொலையவில்லை. தேடல் இல்லை. ஒரு நாற்காலியில் இருந்து இன்னொரு நாற்காலியைப் பார்ப்பதுதான் படம்.

எனக்கு அது எவ்வளவு உண்மை என்று சொல்லி முடியாது. அம்மா என்னை 'நர்சம்மா' என்றுதான் கூப்பிட்டாள். தாயியைத் தன் அக்கா என்று நினைத்து 'எக்கா' என்பாள். நான் மூன்று மணி நேரம் பயணம் செய்து வாங்கிப் போகும் அல்வாவை, "அந்த நர்சம்மாவுக்கும் கொஞ்சம் குடு எக்கா" என்று தாயியிடம் சொல்லி எனக்குத் தரச் சொல்வாள். முதல் தடவை வெளியே வந்து அழுதேன். பிறகு வாங்கித் தின்னப் பழகிக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்திலும் அந்தப் படம் எனக்கு முக்கியம். ஃபியோனாவின் நண்பரை அவர் மனைவி வீட்டுக்கே திரும்ப அழைத்துப் போய்விடுகிறாள். பாசத்தால் என்று நம் படமாக இருந்தால் சொல்லியிருப்பார்கள். அவளோ, காப்பகக் கட்டணத்துக்கு வீட்டை விற்க வேண்டிவரும், அதனால்தான் என்று வெளிப்படையாகச் சொல்கிறாள். வீட்டில் வைத்துப் பார்ப்பது எல்லாமே தியாகம் அல்ல, காப்பகத்தில் விடுவது எல்லாமே துரோகமும் அல்ல; நடுவில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது. வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்தவள் என்பதால் எனக்கு இந்தக் காட்சி கூடுதலாகப் பிடித்திருக்கலாம்.

அந்த 30 நாள் விதியை முதலில் பார்த்தபோது கொடூரம் என்று நினைத்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எங்களுக்கு முப்பது நாள் அல்ல, ஏழு மாதம். வாரம் ஒருநாள் தாயி தன் கைபேசியில் அம்மாவைக் காட்டுவாள். அம்மா கைபேசிக்குள் இருக்கும் முகத்தைப் பார்க்க மாட்டாள், அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பாள். அந்த ஏழு மாதமும் பல பணியாளர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கினார்கள். தாயிக்கு அப்போது நான்கு வயசில் ஒரு மகன் இருந்தான். அவனும் அவளைக் கைபேசியில்தான் பார்த்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அம்மா 2022 ஜனவரியில், அந்தக் கட்டிலில், காலை ஐந்தரை மணிக்குக் காலமானாள். நான் பக்கத்தில் இல்லை. தாயி இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, 2019-இல் காபி குடித்தபோது அப்படிச் சொன்ன பெரியவர் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் அம்மா கடைசி நாலு வருஷம் எங்கே இருந்தாள் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எத்தனை நாளுக்கு ஒருக்கப் போயிப் பாப்பிய?" என்று கேட்டார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றேன். "போனா என்ன செய்வா?" என்று கேட்டார். அல்வாக் கதையைச் சொன்னேன். அவருடைய வீட்டம்மா இரண்டு மாதமாக அடுப்பை அணைக்க மறக்கிறாளாம். எந்த டாக்டரிடம் போனீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். விட்டது சரியா தப்பா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது போல ஒரு படம் கேட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

பழைய பாடல்களைப் பற்றிய கட்டுரை அடுத்த மலருக்கு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன மாதம் தாயி தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்தக் காப்பகத்தில் இப்போது புதிதாக ஒரு தமிழ் ஆஜி வந்திருக்கிறாராம், தாராவிக்காரர். அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது, ஆனால் ஆஜி சொல்கிற ஒரு சொல் அதில் இல்லை, ராத்திரி பூராவும் அதையே சொல்கிறார், என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள். கைபேசியை ஆஜி பக்கம் நீட்டினாள். நான் காது கொடுத்துக் கேட்டேன்.

"போர்வை" என்றேன் தாயியிடம். "சாதர். சாதர் கேக்கறாங்க."